பார்வைம்

என் தம்பி ஒரு சமயத்தில் ஒரு கண்ணைத்தான் இமைத்தான். முதலில் இடது. அது நன்றாகத் திறந்துகொண்ட பிறகு வலது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றபடி, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல மாற்றி மாற்றி இமைத்துக்கொண்டிருந்தான். அந்த வராந்தாவில் போகிற வருகிற நர்ஸுகள் எல்லாம் தங்களைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அறுபதைத் தாண்டிய ஆள்! ஒருத்தி முறைத்தாள். ஒருத்தி பதிலுக்குக் கண்ணடித்துவிட்டுப் போனாள் என்றும் கேள்வி. அதற்கு நான் பொறுப்பில்லை.

"என்னடா பண்றே?"

"அக்கா, குறுக்க நிக்காத. மறைக்குது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி படுத்திருந்தாள். சமையலறையில் நின்றுகொண்டிருந்தவளுக்குத் தலைக்குள் ஏதோ ஒரு குழாய் வெடித்து, அப்படியே சரிந்துவிட்டாள்; விழுந்ததில் நெற்றியிலும் ஒரு காயம். அன்றிலிருந்து கண் திறக்கவில்லை. விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய், தலைமாட்டில் மலைத்தொடர் வரைந்துகொண்டே போகிற ஒரு பெட்டி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கூரை அதிரும்படி பேசுகிறவள், ஒரு தலையணையில் பாதியைக்கூட நிரப்பாமல் கிடந்தாள்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதித்து, சட்டம் பொருத்தி, 'இது தெளிவா, அது தெளிவா' என்று காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவன். வீட்டில் அவனுக்குப் பெயர் 'கடைசி வரி'. பரிசோதனைப் பலகையின் கடைசி வரியை வாசிக்க வைக்காமல் ஒரு ஆளையும் வெளியே விடமாட்டான் என்பதால் மட்டும் அல்ல. செய்தித்தாளையும் அப்படித்தான் படிப்பான். முதல் எழுத்தில் தொடங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர் முகவரி வரைக்கும். அந்த அச்சகத்துக்காரரின் மனைவிகூட அதைப் படித்திருக்க மாட்டாள்.

நான் முப்பது வருஷம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் பேசியவள். அங்கே ஐந்து நிமிஷத் தாமதத்தை ஆறு என்று சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் சேர்த்து வைத்த நிமிஷங்களை எல்லாம் ஒன்றைப் பத்தாக்கித் தாராளமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வராந்தாவில் எதையும் பெரிசு பண்ண வேண்டியிருக்கவில்லை. தம்பியின் கண்கள் இரண்டும் தக்காளிபோல் சிவந்திருந்தன. எதிரில் வைத்த ரொட்டி காய்ந்து கூரை ஓடாகியிருந்தது.

"கண்ணை மூடி ஒரு அரை மணி படுடா. நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்க்கறது பத்தாது. உனக்குக் கண்ணு பவர் ஏறியிருக்கு. கடைக்கு வான்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"அதுக்கும் இதுக்கும் என்னடா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் யாரோ ஒட்டுக் கேட்பதுபோல.

"பார்வைம்."

"என்ன வைம்?"

"பார்வைம், அக்கா. பாப்பா எழுதியிருக்கா, நீ படிக்கலையா? சொந்தப் பொண்ணு எழுதறதைக்கூடப் படிக்கறதில்ல. உலகத்துல எதுவும் தானா இருக்கறதில்ல. பார்க்கறதாலதான் இருக்கு. கண்ணுலேர்ந்து போற பார்வைம்தான் அதைப் பிடிச்சு நிறுத்துது. எடுத்துட்டா, ரெண்டுங்கெட்டானா மிதக்க ஆரம்பிச்சிடும். இருந்தாலும் இருக்கும், போனாலும் போயிடும்."

சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த செய்தித்தாளை, கண்ணை மனைவிமேலிருந்து எடுக்காமலே உருவி நீட்டினான். ஞாயிற்றுக்கிழமையின் அறிவியல் பக்கம். பாதிப் பக்கத்துக்கு ஒரு கண் படம், தர்பூசணி அளவில். மேலே தலைப்பு: 'நீங்கள் பார்க்கும்வரை எதுவும் இல்லை!' கீழே என் மகள் எழுதிய கட்டுரை. நடுவில் தம்பி பேனாவால் அடிக்கோடிட்ட ஒரு வரி: 'கருவியும் பார்வைம் சேர்ந்தே துகளின் நிலையைத் தீர்மானிக்கின்றன.'

எனக்கு அந்த வரி சத்தியமாகப் புரியவில்லை. புரியாத வரியில் புரியாத ஒரு வார்த்தை இருந்தால் யார் கவனிப்பார்கள்? விஞ்ஞானம் என்று விட்டுவிடுவோம். அவன் விடவில்லை. அவன்தான் கடைசி வரி ஆயிற்றே.

அப்போதுதான் டாக்டர் வந்தார். தலையை அறுத்துச் சரி செய்கிறவர். ஆள் சின்ன உருவம். எப்போது பார்த்தாலும் கையைத் துடைத்துக்கொண்டே வருவார்.

"உள்ள வீக்கம் கூடிக்கிட்டே இருக்குங்க. திறந்து அழுத்தத்தைக் குறைக்கணும். சாயங்காலத்துக்குள்ள எடுத்தா வாய்ப்பு இருக்கு. அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்ல முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஆரம்பிப்பேன்."

"போடறேன் டாக்டர். நானும் உள்ள வரேன். ஓரமா நிக்கறேன்."

"அது முடியாதுங்க."

"கண்ணாடி வழியாப் பார்க்கறேன்."

"அங்க கண்ணாடியே கிடையாதுங்க. நாலு பக்கமும் சுவர்."

"அப்ப போட மாட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உள்ள நாங்க அஞ்சு பேர் இருப்போம்" என்றார் அவர் பொறுமையாக. "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துப்போம்."

"நீங்க மண்டையைப் பார்ப்பீங்க. அவளை யார் பார்ப்பா?"

துடைக்கிற கை நின்றது. "சாயங்காலம்" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மகளுக்கு ஃபோன் செய்தேன். எடுத்ததும் திட்டத்தான் நினைத்திருந்தேன். 'பார்வைம்' என்று சொன்னேனோ இல்லையோ, அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, நான் அளவீடுன்னுதான் எழுதினேன்."

"எதை?"

"எல்லாத்தையும். துகளை அளந்தா அதோட நிலை மாறுதுங்கறதுதான் செய்தி. தலைப்பும் 'அளவீடும் குவாண்டம் நிலையும்'னுதான் வெச்சேன். எங்க பேப்பர்ல பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்புறவர், 'அளவீடுன்னா டெய்லர் கடை ஞாபகம் வருதும்மா, ஞாயித்துக்கிழமை யார் படிப்பா? பார்வைன்னு போடுவோம், கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்'னார். நான் வேண்டாம்னேன். வீட்டுக்குக் கிளம்பி வந்துட்டேன். அவர் தலைப்பையும் மாத்திட்டு, கம்ப்யூட்டர்ல ஒரே அமுக்கு. பக்கம் முழுக்க எங்கெல்லாம் அளவீடுன்னு இருந்துச்சோ, அங்கெல்லாம் பார்வை."

"முழுக்கவா?"

"மூலையில ஒரு தையல் கடை விளம்பரம் இருக்கு பாரு. 'துல்லியமான பார்வை எடுத்துச் சட்டை தைத்துத் தரப்படும்'. அந்தக் கடைக்காரர் வந்து சண்டை போட்டுட்டுப் போனார். 'அளவீட்டின்'னு இருந்தா மெஷினுக்குத் தெரியல, அது அப்படியே நிக்குது. கட்டுரைக்குள்ள 'அளவீடும்'னு ஒரே ஒரு இடத்துல எழுதியிருந்தேன். அதுல பாதியை மட்டும் மாத்திட்டு..." குரல் உடைந்தது. சிரிப்பா அழுகையா என்று பெற்ற எனக்கே தெரியவில்லை. "பார்வைம்னு ஆயிடுச்சும்மா. திருத்தம் போட்டிருக்கோம், இன்னிக்குப் பேப்பர்ல பாரு."

கீழே கடையில் அன்றைய பேப்பரை வாங்கித் தேடினேன். தேடினேன் என்றால், தங்கச் சங்கிலியைச் சாக்கடையில் தேடுவதுபோல. காணாமல் போன ஒரு நாய்க்குட்டிக்கும் நாளைய ஈரப்பதத்துக்கும் நடுவில், எறும்புகள் தங்களுக்குள் படித்துக்கொள்கிற எழுத்தில் இருந்தது: 'ஞாயிறு அறிவியல் பக்கத்தில் பார்வைம் என வந்துள்ளதை அளவீடும் எனத் திருத்தி வாசிக்கவும்.'

வெற்றிக் கொடியோடு மாடி ஏறினேன். பேப்பரைத் தம்பி முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவன் ஒரு கண்ணை மனைவிமேல் வைத்துக்கொண்டு இன்னொரு கண்ணால் படித்தான். தொழில்காரன், அவனால் முடியும்.

"சரி. அளவீடும்னே வெச்சுக்கறேன்."

"அப்பாடா."

"நம்ம கடை போர்டுல என்ன எழுதியிருக்கு?"

இருபத்தைந்து வருஷமாக அந்தப் பலகையின் கீழே நின்று அவனோடு அரட்டை அடித்திருக்கிறேன். பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து: 'பார்வை அளவீடு இலவசம்.'

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. என் தொழிலே அதுதான். பார்வை அளவீடு. எனக்குன்னே எழுதின மாதிரி இல்ல?"

"டேய், அது தப்பு, தப்புன்னு பேப்பர்லயே போட்டிருக்கான்."

"அவ்வளவு பெரிய கண்ணு படம் போட்டு, பாதிப் பக்கத்துக்கு எழுதினது தப்பு; இந்த எறும்பு எழுத்துதான் சரின்னா எப்படி? தப்புன்னா அதே சைஸ்ல தப்புன்னு போட்டிருப்பாங்கல்ல?"

பத்திரிகை நடத்துகிற யாரையாவது கூப்பிட்டு இதற்குப் பதில் சொல்லச் சொல்ல வேண்டும்.

உள்ளே ஒரு நர்ஸ், படுத்திருந்தவளைத் துடைத்துவிடுவதற்காகத் திரையை இழுத்தாள். தம்பி கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தான். அந்த ஓசையில் வராந்தாவே திரும்பியது. "திறங்க! திறங்க!" என் தம்பி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் நாய் துரத்தியபோதுகூட. நர்ஸ் பயந்துபோய்த் திரையை விலக்கினாள். அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்க, மங்க, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மகள் வந்து சேர்ந்தபோது ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அவளை லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. என் திட்டங்கள் எப்போதும் அற்புதமாக இருக்கும், கேட்பவர்கள்தான் சரியில்லை.

"உள்ள புதுசா பார்வைம் மெஷின் வந்திருக்குன்னு சொல்லிடு. ஆயிரம் கண்ணுக்குச் சமம். வெளிநாட்டுச் சரக்கு. நீ சொன்னா நம்புவான்."

"அம்மா!"

"என்ன அம்மா? விரல்ல மாட்டியிருக்கே, அந்தக் கவ்வி நாடியை அளக்குதா இல்லையா? அளவீடுதானே? முழுப் பொய்யா சொல்லச் சொன்னேன்? கொஞ்சம் பெரிசு பண்ணிச் சொல்லு, அவ்வளவுதான்."

"தலைப்பு போட்டவரும் இதையேதான் சொன்னார். பொய்யில்லம்மா, கொஞ்சம் பெரிசு பண்றோம்னு."

சுள்ளென்று இருந்தது.

"ஏற்கனவே ஒரு பொய் அச்சாகி இங்க வந்து நிக்குது" என்றாள். "அதுக்குத் துணைக்கு ஒரு தம்பிப் பொய் வேணுமா?"

"உங்க அத்தை பிழைக்கணும்டி. உன் மனசாட்சிக்கு அப்புறமா சோறு போடலாம்."

"உள்ள ஏதாவது ஆச்சுன்னா? அப்ப மாமா என்ன நினைப்பார்? 'மெஷினை நம்பினேன், நான் பார்த்திருந்தா இருந்திருப்பா'ன்னு சாகற வரைக்கும் நினைப்பார்."

இதை நான் யோசிக்கவில்லை. என் திட்டத்தில் யாரும் சாவதாக இல்லை.

அவள் நேராகத் தம்பியிடம் போய் நின்றாள். பக்கவாட்டில்தான், மறைக்காமல்.

"மாமா."

"வா பாப்பா. ரொம்ப நல்லா எழுதியிருந்தே. பத்திரமா வெச்சிருக்கேன்."

"அது தப்பா வந்திருக்கு மாமா. பார்வைம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"திருத்தம் படிச்சேன். அளவீடும்."

"அளக்கறதுக்கு ஆள் வேணும்னு இல்ல. கண்ணு வேணும்னே இல்ல. காத்துல ஒரு துகள் வந்து மோதினாப் போதும். வெளிச்சம் பட்டாப் போதும். இந்தப் பேச்சே அணுவைவிடப் பொடியா இருக்கறதுக்குத்தான். அத்தை அவ்வளவு பெரிய ஆள். அவங்க மேல காத்தும் விளக்கும் போர்வையும் எந்நேரமும் பட்டுக்கிட்டேதான் இருக்கு. உலகத்துல ஒருத்தர்கூடப் பார்க்கலைன்னாலும் அவங்க அங்கதான் இருப்பாங்க."

தம்பி இடது கண்ணை இமைத்தான். பிறகு வலதை.

"இதெல்லாம் அந்த ஆராய்ச்சி பண்றவங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

'தெரியும்னு சொல்லு, தெரியும்னு சொல்லு' என்று நான் பின்னால் நின்று உதட்டை அசைத்தேன். முப்பது வருஷம் ஊருக்கே அறிவிப்புச் சொன்ன உதடு. பெற்ற பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அளவீடுன்னா கடைசியில என்னன்னு அவங்களுக்குள்ள இன்னும் சண்டை தீரல மாமா. அதை மறைக்க மாட்டேன்."

"பார்த்தியா!" அவன் குரலில் ஒரு வெற்றி.

"ஆனா, அத்தையை உங்க கண்ணுதான் பிடிச்சு வெச்சிருக்குன்னு சொல்றவர் அந்தச் சண்டையில ஒருத்தர்கூட இல்ல. கட்டுரைக்காகப் பேட்டி எடுத்த பேராசிரியரையே கேட்டேன். இப்படி ஒருத்தர் நம்பிக்கிட்டு நிக்கறார்னு சொன்னதும் ஃபோன்லயே என்னைத் திட்டித் தீர்த்துட்டார். நீங்க பார்க்கறதால ஒரு இம்மி கூடலை. கண்ணை எடுத்தா ஒரு இம்மி குறையாது."

எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம்போல் இருந்தது. நின்று நின்று கால் வீங்கியவனிடம், தின்னாமல் கிடந்தவனிடம், நீ செய்தது எதற்கும் பிரயோஜனமில்லை என்றா சொல்வது? உள்ளே பெட்டி தன்பாட்டுக்கு மலை வரைந்துகொண்டிருந்தது. வராந்தாவின் கோடியில் டாக்டர் வந்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு?" என்றான் தம்பி.

"என்னிக்கு மாமா?"

"அவ விழுந்த அன்னிக்கு. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். அவ சமையக்கட்டுலேர்ந்து கூப்பிட்டா. 'இங்க பாருங்க'ன்னா. எப்பவும் சொல்றதுதான். உப்பு இல்லைன்னாலும் இங்க பாருங்க, பல்லி விழுந்தாலும் இங்க பாருங்க. 'இரு, கடைசி வரி'ன்னேன். மறுபடியும் சொன்னா. 'இங்க பாருங்களேன்.'" நிறுத்தினான். "நான் பார்க்கல பாப்பா."

இதை அவன் எங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போதாவது ஒரு பொய் சொல்லடி என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினேன்.

"நீங்க திரும்பியிருந்தா" என்றாள் அவள் மெல்ல, "அவங்க விழறதுக்கு முன்னாடி ஓடிப்போய்ப் பிடிச்சிருப்பீங்க. தலையில அந்தக் காயம் ஆகியிருக்காது. அது நிஜம். ஆனா குழாய் ஏற்கனவே வெடிச்சாச்சு மாமா. அதனாலதான் கூப்பிட்டாங்க. பார்த்திருந்தாலும் வெடிச்சிருக்கும். உங்க கண்ணு அதை உடைக்கவும் இல்ல, அதால ஒட்டவைக்கவும் முடியாது. அதோ நிக்கறாரே, அவரால ஒருவேளை முடியலாம்."

தம்பி கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டான். இரண்டு கண்களையும் ஒன்றாக மூடினான்.

அந்த நொடி, இவ்வளவு நேரம் கேட்டதை எல்லாம் மறந்து, பாய்ந்து நான் கண்ணாடிக்குள் பார்த்தேன்.

"அக்கா" என்றான், கண்ணைத் திறக்காமலே. "இருக்காளா?"

"இருக்கா."

"பார்த்துச் சொல்றியா? இல்ல உன் வழக்கம்போலச் சொல்றியா?"

"பார்த்துச் சொல்றேன்டா. மார்பு ஏறி இறங்குது. கவ்வி மாட்டின விரல் லேசா மடங்கியிருக்கு. அப்படியே இருக்கா."

மூடிய இமைகளுக்குக் கீழே நீர் வழிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கக்கூட இல்லை.

"பேனா குடு பாப்பா."

எங்கே என்று தடவி, டாக்டர் கொண்டுவந்து நீட்டிய, கட்டம் கட்டமாக அச்சடித்த ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டான். வாழ்நாளிலேயே முதல் முறையாக ஒரு அச்சுத் தாளை ஒரு வரிகூடப் படிக்காமல்.

கட்டிலோடு அவளை உருட்டிக்கொண்டு போனார்கள். அவன் கதவு வரைக்கும் கூடவே நடந்தான். கதவு மூடியது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே என் தோளில் சரிந்து தூங்கிவிட்டான். அவன் விட்ட குறட்டையில் மருந்து வண்டிச் சக்கரங்கள் தடம் மாறின. மகள் ஜன்னலோரம் நின்று யாருடனோ ஃபோனில் மல்லுக்கு நின்றாள். "எறும்பு எழுத்துல வேண்டாம் சார். அதே பக்கத்துல, அதே அளவுல. ஆமா, அளவுலதான் சொன்னேன். டெய்லர் ஞாபகம் வந்தா வரட்டும்." பக்கம் கட்டுறவர் என்ன சொன்னாரோ, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. என் தோள் மரத்துப்போனது. என் கண்கள் எரிந்தன. ஏன் என்று அப்புறம்தான் உறைத்தது. நான் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே, முதலில் இடது, அது திறந்த பிறகு வலது என்று இமைத்துக்கொண்டிருக்கிறேன். மகள் கவனித்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உயிர் இருக்கு" என்றார். "அழுத்தம் குறைஞ்சிருக்கு."

"எழுந்திருப்பாளா? பேசுவாளா? எங்களைத் தெரியுமா?"

அவர் தூங்குகிறவனை ஒரு முறை பார்த்தார். பிறகு எங்களை.

"பார்க்கலாம்" என்றார்.

நானும் மகளும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியை எழுப்பவும் இல்லை.